குழாயை மூடினேன்

சுமந்த் அந்த அட்டைப்பெட்டியைச் சமையல் மேடைமேல் வைத்தபோது, மகன் புது மிக்ஸி வாங்கி வந்திருக்கிறான் என்றுதான் அனந்தலக்ஷ்மி நினைத்தாள். பழைய மிக்ஸி லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. ஒருத்திக்கு அரைக்க இது போதாதா என்று அவள் அதை மாற்றாமல் வைத்திருந்தாள்.

"மிக்ஸி இல்லம்மா. லீக் டிடெக்டர். தரையில தண்ணி பட்டாக் கத்தும். உன் போன்லயும் கத்தும், என் போன்லயும் கத்தும்."

"இந்த ஆத்துல தரையில தண்ணி பட்டாக் கத்தறதுக்கு ஒருத்தர் இருந்தார்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

சுமந்த் பெட்டியைப் பிரிப்பதில் மும்முரமானான். அப்பாவைப் பற்றிய பேச்சு வந்தால் அவன் கைக்கு எப்போதும் ஏதாவது வேலை கிடைத்துவிடும்.

அவள் கணவர் பட்டாபிக்கு ஈரத்தரை ஆகாது. பேங்க்கில் வேலை பார்த்த காலத்திலேயே, வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தரையைப் பார்த்துவிட்டுத்தான் மனைவியைப் பார்ப்பார். கடைசி இரண்டு வருஷமாகச் சமையலறையில், சின்க்குக்குக் கீழே, காரணம் தெரியாமல் ஈரம் கசிந்தபடி இருந்தது. கிழிந்த வேஷ்டித் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு அவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிளம்பர் வேல்சாமி இரண்டு தரம் வந்து வாஷர் மாற்றினான். ஈரம் சில நாள் காணாமல் போகும், திரும்ப வரும்.

போன வருஷம், மழை ஓய்கிற சமயம், ஒரு மத்தியானம். அனந்தலக்ஷ்மி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் கீரைக்காரி குரல் கொடுத்தாள். கை நிறையப் புளி இருந்ததால், குழாயின் பிடியை மணிக்கட்டால் அழுத்தித் தள்ளி மூடிவிட்டு வாசலுக்குப் போனாள். அக்கிரகாரத்து வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சின்னப் பயணமே இருக்கிறது. அவள் கீரையைப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பட்டாபி மோர் எடுக்கச் சமையலறைக்குப் போயிருக்கிறார். விழுந்த சத்தம் வாசல்வரை கேட்டது. இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே நிமோனியா பிடித்து, அவர் திரும்பி வரவில்லை.

தரையெல்லாம் தண்ணீராக இருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். தூக்க வந்தவர்களில் யாரோ குழாயையும் திருகியிருக்கிறார்கள். அது திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று அப்புறம் யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் இருந்தது. தண்ணீர் இருந்தால் குழாய் திறந்திருக்கத்தானே வேண்டும்? பதின்மூன்றாம் நாள் கூடத்தில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, பட்டாபியின் அக்கா செல்லபாய் மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள்: "அந்தப் பைப்பை மாத்ரம் ஒழுங்கா மூடியிருந்தா என் தம்பி இன்னிக்கு இருந்திருப்பன்."

"நான் மூடினேன்" என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மி.

யாராவது மறுத்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். ஒருவரும் மறுக்கவில்லை. சாம்பார் வேண்டும் என்றார்கள். அவள் சாம்பார் விட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் தணிக்கை ஆபீஸில் மற்றவர்கள் பிழையைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் அவள். மணிக்கட்டில் பட்ட அந்தக் குழாய்ப் பிடியின் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் மணிக்கட்டின் நினைவை யாரிடம் காட்டுவது? சுமந்த் ஒரு நாளும் அவளைக் குற்றம் சொன்னதில்லை. "விடும்மா, அதையே நினைச்சிண்டிருக்காதே" என்பான். குற்றம் சொல்வதைவிட அதுதான் அவளுக்குச் சுட்டது. மன்னித்துவிட்டான் என்றல்லவா அர்த்தம்? செய்யாததற்கு மன்னிப்பா?

பெட்டிக்குள்ளிருந்து பப்படம் அளவில் வெள்ளை வில்லைகள் வந்தன. கூடவே குழாயில் மாட்டும் ஒரு கனமான உருண்டை.

"ஒண்ணு சின்க் அடியில. ஒண்ணு பாத்ரூம் வாசல்ல. ஒண்ணு வாஷிங் மெஷின் கிட்ட. இந்தப் பெரிசு வாசல்ல, மீட்டருக்கு அடுத்தாப்ல. ஆத்துக்குள்ள எவ்வளவு தண்ணி ஓடறதுன்னு அது காட்டும். வேணும்னா போன்லேர்ந்தே லைனை மூடலாம்."

"எங்கேர்ந்து வேணும்னாலுமா?"

"அமெரிக்காலேர்ந்துகூட."

"கழக்கூட்டத்துலேர்ந்து மூடினாப் போறும்" என்றாள்.

அவன் அங்கேதான், ஐ.டி. பார்க் பக்கத்தில் ஒரு பிளாட்டில், மனைவி ஸ்மிதாவோடு இருக்கிறான். அம்மாவையும் அங்கே கொண்டுபோய்விட வேண்டும் என்பது அவன் திட்டம். வீட்டை வாங்கிக்கொள்ள ஆளும் தயாராக இருந்தான். பக்கத்து வீட்டுக்காரன் ஹரிகுமார். கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்காகப் பக்கத்து வீட்டை வாங்கி, மேலே அறைகள் கட்டி, ஹோம்ஸ்டே நடத்துகிறான். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் அவனுக்கு இன்னும் அறைகள் கிடைக்கும். பார்க்கும்போதெல்லாம், "மாமி, ஈ வீட்டில ஈர்ப்பம் கூடுதலா. உங்க ஆரோக்கியத்துக்குக் கொள்ளில்லா" என்று, அந்த ஈரம் உடம்புக்கு ஆகாது என்பதை மலையாளம் கலந்து அக்கறையாகச் சொல்லுவான்.

சுமந்த் வில்லையைக் கையில் வைத்து உருட்டினான். "ஒரு காரியம் சொல்றேன், கேட்டயா. இது இருந்தா நீ இங்க தனியா இருக்கறதுல எனக்குப் பயமில்லை. ஆனா, நீ பைப்பைத் திறந்து வெச்சுட்டுப் போய் இது ஒரு தரம் கத்தித்துன்னா, அப்பறம் நான் சொல்றதைக் கேக்கணும். கழக்கூட்டத்துக்கு வந்துடணும். ஆத்தை ஹரிக்குக் கொடுத்துடலாம்."

"நான் திறந்து வெச்சுட்டுப் போனாத்தானே?"

"ஆமா."

"செரி. மாட்டு."

மாட்டுவது அவன் நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை. வைஃபை பெட்டி வாசல் அறையில் இருந்தது. அதன் வீச்சு கூடத்தைத் தாண்டி, இரண்டாங்கட்டின் நடுவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. சமையலறையில் வில்லை சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. சுமந்த் போனைத் தூக்கிப் பிடித்தபடி வீடு முழுக்க நடந்தான். கடைசியில் சிக்னல் இரண்டு பக்கமும் எட்டுகிற ஒரே இடம் பூஜை அறை என்று தெரிந்தது.

"சாமி ரூம்லயா வைக்கறது?" என்று தயங்கினான்.

"வை. பெருமாளுக்கு அதுல ஆட்சேபணை இருந்தா அவரே ஆஃப் பண்ணிப்பர்."

அப்படியாக வைஃபை பெட்டி சாளக்கிராமத்துக்குப் பக்கத்துத் தட்டில் பச்சை விளக்கோடு உட்கார்ந்தது.

மறுநாள் பட்டாபிக்கு மாசிகம், மாதாமாதம் வரும் திதி. சுமந்த் பூணூலை இடம் மாற்றிப் போட்டு, விரலில் தர்ப்பைப் பவித்திரத்தோடு உட்கார்ந்திருந்தபோது, மூலையில் கழற்றி வைத்திருந்த சட்டைப் பையிலிருந்து அவன் போன் அலறியது. சமையலறையில் வில்லையும் சேர்ந்து அலறியது. சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தி, "எடுங்கோ, ஆபீஸா இருக்கும்" என்றார்.

விஷயம் இதுதான். சிராத்தச் சமையல் என்றால் அடுப்பு மூட்டுமுன் தரையைத் தண்ணீர் விட்டு அலம்ப வேண்டும். அனந்தலக்ஷ்மி பழக்கதோஷத்தில் ஒரு குடத்தைச் சாய்த்துவிட்டாள். அது பற்றாது என்று, விடியற்காலையில் நனைத்துக் கொடியில் போட்ட ஒன்பது கஜம், விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக அந்த வில்லையின் நடுமண்டையிலேயே விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் இதைச் செய்தவனுக்கு மடிப்புடவை எங்கே தெரியும்? அன்றுமுதல், தரை அலம்பும்போது வில்லையை எடுத்து அலமாரியில் வைப்பதும், துடைத்து முடித்ததும் திரும்ப வைப்பதும் அவளுக்கு வழக்கமாயிற்று. கொடியையும் வேறு பக்கம் மாற்றிக் கட்டினாள்.

அதற்கப்புறம் அது சும்மா கத்தவில்லை.

சில நாள் கழித்து அது கத்தியபோது, அவள் வாசல் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். எழுந்து, அந்த நீள வீட்டைக் கடந்து சமையலறைக்குப் போனாள். சின்க்குக்குக் கீழே உள்ளங்கை அளவு தண்ணீர் பரவியிருந்தது. குழாய் மூடியிருந்தது. அவள் பிடியைத் தொட்டுப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. அதற்குள் கையில் போன் அடித்தது.

"அம்மா, பைப்பை மூடினயா?"

"மூடியிருக்கு."

"இப்ப மூடினயா, முன்னாடியே மூடியிருந்ததா?"

"டேய், நான் வாசல்ல இருந்தேன்."

"அதைத்தான் சொல்றேன். திறந்து வெச்சுட்டு வாசலுக்குப் போயிருக்கே. ஆப்ல பாரு. சின்க் அடியில தண்ணி இருக்கு, அதே நேரம் மெயின் லைன்லயும் தண்ணி ஓடியிருக்கு. ரெண்டும் சேர்ந்து வந்தா பைப் திறந்திருந்ததுன்னுதான் அர்த்தம். மிஷின் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனாக்கும்?"

"பொய்ன்னு நான் சொல்லலை. மறதின்னுதான்..." அவன் குரல் தணிந்தது. "போட்டும், விடு. ஞாயித்துக்கிழமை வரேன். ஹரியோட உக்காந்து பேசி முடிச்சுடலாம்."

அனந்தலக்ஷ்மி வேல்சாமியைக் கூப்பிட்டனுப்பினாள். நாங்குநேரிப் பக்கத்துக்காரன். சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் வாசலில்தான் அவன் குடித்தனமே. அவன் சின்க்கைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"இதுல ஒண்ணும் கோளாறு இல்லம்மா. நீங்கதான் சரியா மூடாம விட்டிருப்பிய. வேணும்னா வாஷரை மாத்துதேன்."

"நீயும் அதையே சொல்லு. போ, டீ குடிச்சுட்டுப் போ."

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. கூடத்தில் பட்டாபியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, போனில் அந்த ஆப்பை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். மிஷின் பொய் சொல்லாது என்று அவன் சொன்னதில் அவளுக்கும் ஆட்சேபணை இல்லை. பொய் சொல்லாத சாட்சி என்றால், அது எனக்கும் சாட்சி சொல்லட்டுமே. நான் குழாய் பக்கத்திலேயே இல்லாதபோது அது கத்தட்டும். அதுவும் அவன் கண்ணெதிரே.

சனிக்கிழமை மகனைக் கூப்பிட்டாள். "நாளைக்கு நீ வர வேண்டாம். நான் அங்க வரேன்."

சுமந்துக்கு நம்ப முடியவில்லை. பிளாட்டுக்கு வா வா என்று அவன் எத்தனையோ தடவை கூப்பிட்டு வராதவள். மனம் மாறிவிட்டாள் என்று எண்ணி, ஸ்மிதாவிடம் அந்தச் சின்ன அறையை ஒழித்துவைக்கச் சொன்னான்.

ஞாயிறு காலை அனந்தலக்ஷ்மி எல்லாக் குழாய்களையும் மூடினாள். ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்தாள். தரையைக் காய்ந்த துணியால் துடைத்து வில்லைகளை வைத்தாள். பின்கதவைத் தாழிட்டு, வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினாள்.

பிளாட்டில் தோசை கொடுத்தார்கள். காபி கொடுத்தார்கள். ஒழித்துவைத்த அறையை ஸ்மிதா காட்டினாள். "அம்மே, ஜன்னல் திறந்தா நல்ல காத்து வரும்" என்றாள். நல்ல பெண். ஜன்னலைத் திறந்தால் பைபாஸ் லாரிகளின் புகைதான் வந்தது. ஆனாலும் அனந்தலக்ஷ்மி தலையாட்டினாள். அவள் கண் போன்மேலேயே இருந்தது. போன் சும்மா கிடந்தது. எல்லாம் சரி என்று பச்சைப் புள்ளி காட்டிக்கொண்டிருந்தது.

நேரம் ஆக ஆக அவள் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒருவேளை இன்றைக்குக் கத்தாவிட்டால்? நான் இல்லாத அன்று மட்டும் வீடு ஒழுங்காக இருந்தது என்றாகிவிட்டால், அதைவிடப் பெரிய சாட்சியம் அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள பஸ் ஏறி வந்தோமோ என்று நினைத்தாள். அதற்கும் கீழே இன்னொரு பயம் இருந்தது. இந்த ஒரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாத பயம். மணிக்கட்டு பொய் சொல்கிறதோ?

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். சுமந்த் மெதுவாகப் பேச்சை எடுத்தான். "ஹரி நல்ல மனுஷன்மா. அவசரப்படுத்த மாட்டன். நீ மெள்ள சாமானெல்லாம்..."

மேசைமேல் இரண்டு போனும் ஒரே சமயத்தில் அலறின.

சின்க் அடியில் தண்ணீர். மெயின் லைனில் தண்ணீர் ஓடுகிறது. சுமந்தின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அனந்தலக்ஷ்மியின் வலது கை எச்சில். இடது கையால் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இப்ப பைப்பைத் திறந்தது யாருடா?"

அவன் சாவியையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆத்துக்குள்ள யாராவது..."

"யாரு? உங்கப்பாவா?"

ஸ்மிதா தலையைக் குனிந்துகொண்டாள். அனந்தலக்ஷ்மி இடது கை விரலாலேயே போனைத் திறந்தாள். லைனை மூடட்டுமா என்று ஆப் கேட்டது. நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. "நிச்சயமா" என்று வாயாலும் சொல்லி அழுத்தினாள். ஓட்டம் நின்றது.

ரசத்தை விட்டுக்கொண்டு ஒரு கவளம் சாப்பிட்டிருப்பாள். போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அலாரம் இல்லை. ஹரிகுமார். ஸ்மிதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமி, அவிடே வெள்ளம் உண்டோ? இங்க தண்ணி பெட்டென்னு நின்னு போயி. மேலே ரூமில ஒரு கெஸ்ட்டு தலை முழுக்க சோப்பு தேச்சு நிக்குது."

"தெருவுல தண்ணி வரதே, ஹரி. உங்காத்துக்குத் தனி லைன் இருக்கோல்லியோ?"

"அது தாழே கிச்சனுக்கு மாத்ரம், மாமி. மேலே போறது சுவத்திலுள்ள அந்தப் பழைய பைப்பில..." சொல்ல வந்ததை அவன் அப்படியே விழுங்கினான்.

அனந்தலக்ஷ்மி இலையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். சுவரில் உள்ள பழைய பைப். அவளுடைய மாமியார் எப்போதோ, ஏதோ பேச்சுவாக்கில் சொன்னது. தெருவுக்குக் குழாய் வந்த புதிதில் எல்லா வீட்டுக்கும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் அப்போது இருந்தவர் சிவகாமியம்மாள். கிணறு வற்றிய கோடையில், மடித்தண்ணீருக்குத் தெருக்குழாயில் போய் முட்டி மோத முடியாமல் திண்டாடியிருக்கிறார். இந்த வீட்டுக்காரர்கள் நடுச்சுவரைத் துளைத்து ஒரு கிளைக்குழாய் அந்தப் பக்கம் விட்டுக்கொடுத்தார்கள். பிறகு அவர்களுக்கும் சொந்த இணைப்பு வந்தது. கிளையை அடைத்துப் பூசிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அடைத்தது அந்தப் பக்கம் ஒரு மூடி போட்டு மட்டும். ஈரம் தொடங்கிய சமயத்தில், ஹரிகுமார் தன் வீட்டை இடித்துக் கட்டியபோது அந்த மூடி அவனுக்குக் கிடைத்திருக்கிறது.

"ஹரி," என்றாள் போனைப் பார்த்து, "எங்காத்து லைனை நான் இங்கேர்ந்து மூடினேன். அதுக்கு உங்காத்துக் கெஸ்ட்டுக்கு ஏன் தண்ணி நிக்கணும்?"

ஹரிகுமார், "மாமி, ஞான் பின்னே விளிக்காம்" என்று வைத்துவிட்டான்.

சுமந்த் கை அலம்பக்கூட மறந்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தான். வழியில் வேல்சாமிக்கும் போன் போயிற்று.

வேல்சாமி சின்க்குக்குக் கீழே சுவரில் உளியை வைத்தான். பூச்சு உதிர்ந்தது. உள்ளே, செங்கலோடு செங்கலாக, துரு ஏறிய ஒரு குழாய் பக்கத்து வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சமையலறைக் குழாயிலிருந்து அது பிரிகிற மூட்டு முழுக்கச் செம்பழுப்பாக உப்பியிருந்தது.

"யம்மா, இது இருக்கும்னு எனக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க" என்றான் வேல்சாமி. தன்னையும் யாரோ குற்றம் சொல்லிவிடுவார்கள் என்று அவன் முகம் வெளிறியது.

ஹரிகுமார் வாசல்வரை வந்து உள்ளே வரத் தயங்கி நின்றான். அனந்தலக்ஷ்மி லைனைத் திறந்துவிட்டு, "போய் உன் மோட்டாரைப் போடு" என்றாள் அவனிடம்.

மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்ற அவன் ஒரு மோட்டார் வைத்திருந்தான். அந்தப் பக்கம் அது உறுமத் தொடங்கியதும், இந்தப் பக்கம் சுவருக்குள் குழாய் கிடுகிடுவென்று அதிர்ந்தது. துருப்பிடித்த மூட்டு வாந்தி எடுப்பதுபோல் விட்டு விட்டுத் தண்ணீரைக் கக்கியது. தண்ணீர் சுவர் வழியே இறங்கி, சின்க்குக்குக் கீழே தேங்கி, கூடத்தின் பக்கம் நகர்ந்தது. வில்லை அலறியது. அதை யாரும் நிறுத்தவில்லை.

"பைப்பைத் தொட்டுப் பாரு" என்றாள் சுமந்திடம்.

"அம்மா, அதான் தெரியறதே."

"தொட்டுப் பார்த்துச் சொல்லு."

அவன் குழாயின் பிடியைத் தொட்டான். "மூடியிருக்கு."

"அன்னிக்கு?"

அவன் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான். பேன்ட் நனைந்தது. "அன்னிக்கும் மூடித்தான் இருந்தது" என்றான். சொன்னதும் உடைந்து அழுதான். அப்பாவின் காரியங்களின்போதுகூட அவன் அப்படி அழுததில்லை.

அனந்தலக்ஷ்மி அவனைத் தேற்றவில்லை. தேற்றுவது அன்றைக்குத் தன் வேலை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு ஹரிகுமார் திரும்பி வந்தான். "சத்யமாயிட்டும் எனக்கு அறியில்லா, மாமி. பழைய பைப்பு ஒண்ணு கண்டது. பிளம்பர் ஜாயிண்ட் பண்ணினான். எங்க வீட்டு லைன்னுதான் நினைச்சேன்."

"தெரியாதுன்னா தெரியாதுன்னே வெச்சுக்கறேன்" என்றாள் அவள். "ஆனா ஈரம், ஈரம்னு சொல்லி இந்த ஆத்தைக் கேட்டுண்டு வந்தயே, அந்த ஈரம் உன்னோடது. அதுல விழுந்தது எங்காத்துக்காரர். இனிமே விலை பேசிண்டு இந்த வாசல்ல ஏறாதே."

"மாமி, கெஸ்ட்டெல்லாம் உண்டு. ரெண்டு நாள் சமயம் தந்தா புது லைனுக்கு ஞான்..."

"வேல்சாமி, வெட்டு."

வேல்சாமி ரம்பத்தை எடுத்தான்.

"கொல்லைல எங்க கிணறு இருக்கு" என்றாள் ஹரிகுமாரிடம். "கயிறும் வாளியும் இருக்கு. குளிச்சுண்டிருக்கற பாவத்துக்குத் தண்ணி இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இறைச்சுண்டு போகச் சொல்லு. குழாய் கிடையாது."

தலையில் சோப்பு காய்ந்த ஒரு சேலத்துக்காரர், இடுப்பில் துண்டோடு, அன்று மாலை அவர்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குளித்தார். குழாய்த் தண்ணீரைவிட இது நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இருட்டுகிற நேரத்தில் சுமந்த், "சுவரெல்லாம் பேத்துக் கிடக்கு. பூசற வரைக்குமாவது அங்க வந்து இரேன்" என்றான்.

"பேத்த சுவரோட இருந்துப்பேன். பொய் சொல்ற சுவரோட ஒரு வருஷம் இருக்கலையா?"

அவன் போனை எடுத்தான். "இந்த ஆப்பை என் போன்லேர்ந்து எடுத்துடறேம்மா. இனிமே எனக்கெதுக்கு?"

அவள் அவனைத் தடுத்தாள். "வேண்டாம், இருக்கட்டும். கத்தினா நீயும் கேளு. ஆனா என்னைக் கூப்பிட்டு 'மூடினயா'ன்னு கேக்காதே. 'என்ன ஆச்சு'ன்னு கேளு."

மறுமாதம் பட்டாபியின் முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் வந்தது. சாஸ்திரிகள் சாப்பிட்டுப் போன பிறகு, கூடத்தில் உறவுக்காரர்களுக்கு இலை போட்டார்கள். செல்லபாய் தலைப்பக்க இலையில் உட்கார்ந்தாள். வயசுக்கு அதுதான் மரியாதை. கை அலம்பச் சமையலறைக்குள் போய் வந்தவள், "சின்க் அடியில வெள்ளையா என்னமோ வெச்சிருக்கே, அதென்னடி?" என்று கேட்டாள்.

"தரையில தண்ணி பட்டாச் சொல்லும், அக்கா."

"நல்லதாப் போச்சு. இதை முன்னாடியே வாங்கியிருந்தா..." செல்லபாய் பெருமூச்சு விட்டாள். "மூடாத பைப்புக்கெல்லாம் இப்ப மிஷின் வந்துடுத்து. என் தம்பிக்குக் கொடுத்து வெக்கலை."

அனந்தலக்ஷ்மி கையிலிருந்த பாயசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"சுமந்த். சொல்லு."

சுமந்த் எழுந்து நின்றான். இலைகளில் கை ஓய்ந்தது. அவன் சுற்றி வளைக்காமல் சொன்னான். சுவருக்குள் இருந்த குழாய், பக்கத்து வீட்டு மோட்டார், பூட்டிய வீட்டில் வந்த தண்ணீர், எல்லாம் சொன்னான். "அம்மா அன்னிக்குப் பைப்பை மூடினா. நான்தான் நம்பலை. நாம யாருமே நம்பலை." அவன் குரல் ஒரு இடத்தில் தடுமாறியது. ஆனால் முழுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

செல்லபாய் இலையில் இருந்த அப்பளத்தை ஒடித்தாள். "என்னமோ. விதி. போனவன் வரப்போறானா? அதையெல்லாம் இப்ப எதுக்கு..."

"அவர் வர மாட்டர். எனக்குத் தெரியும்" என்றாள் அனந்தலக்ஷ்மி. குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொன்னது இதே கூடத்துல, இத்தனை பேர் முன்னாடி. அன்னிக்கு நான் பரிமாறிண்டிருந்தேன். அதனால 'நான் மூடினேன்'னதோட வாயை மூடிண்டேன். சொன்னதை இங்கேயே திருப்பி எடுத்துக்கணும், அக்கா. அப்பறம்தான் பாயசம்."

"என்னடி இது, இலையில உக்காத்தி வெச்சுண்டு?"

"ஆமா. உக்காத்தி வெச்சுண்டுதான்."

ஒரு மாமா தொண்டையைச் செருமினார். யாரோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார்கள். அனந்தலக்ஷ்மி அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்லபாயின் கண் மெல்லக் கலங்கியது. தம்பிக்காகவா, தோற்றதற்காகவா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்து, இலைக்குச் சொல்லுவதுபோல், "செரி. நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது. நீ மூடித்தான் இருந்திருக்கே" என்று முனகினாள்.

"கடைசி இலையில இருக்கறவா காதுல விழலை, அக்கா" என்றாள் அனந்தலக்ஷ்மி.